கனிஷ்கனின் பொற்காசு

சுமார் 8 கிராம் எடையும், கட்டைவிரல் நகத்தினும் சற்றே அகன்ற வட்டமும் உடைய, குஷாண மன்னன் கனிஷ்கனின் பொற்காசைக் கண்ணாடிப் பேழையின்மீது குனிந்து நோக்கும்போதெல்லாம், என் மனத்தை முதலில் கவர்வது அம்மன்னனுடைய தாடியோ, தோளில் எழும் தீச்சுடரோ அன்று. அவனுடைய கனத்த காலணிகளே. மத்திய ஆசியக் குளிருக்கென்று தைத்த நெடுஞ்சட்டையைக் கங்கைச் சமவெளியின் வெயிலிலும் களையச் சம்மதியாதவனாய், பாதங்களை இருபுறமும் விரித்து நின்று, சிறியதொரு வேள்விப் பீடத்தில் வலக்கையால் ஆகுதி இடுகிறான். மதுராவுக்கு அருகே மாட் என்னும் ஊரில் கிடைத்த அவனது சிலையிலும் இதே கோலந்தான். தலை போயும் ஆள் தெரிகிறது!

காசைச் சுற்றியோடும் எழுத்து கிரேக்கம், மொழியோ பாக்திரியம். கிரேக்கத்தில் 'ஷ' என்னும் ஒலிக்கு எழுத்தில்லாமையால், புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, அரசர்க்கரசன் என்ற பொருளில் 'ஷாவோநானோ ஷாவோ' என்று பொறித்தார்கள். அந்த ஓரெழுத்துக்காகவே அதைப் பொறித்த கம்மியனை வணங்கலாம். மறுபுறத்தில், ஒரு காசில் நானா தேவி, ஒன்றில் மித்திரன், ஒன்றில் சிவரூபமான ஓஏஷோ. மிக அரிதான சிலவற்றில், கிரேக்க லிபியில் 'போத்தோ' என்ற நாமம் தாங்கி, ஒளிவட்டம் சூழ, அபய ஹஸ்தத்துடன் நம்மை நேராக நோக்கி நிற்கும் புத்த பகவான்.