குட்டையில் ஒரு வித்துவான், ஓடையில் ஒரு வித்துவான்

ஆனி, ஆடி மாதங்களில், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட பிறகு வால்பாறைப் பக்கம் போகிறவர்கள், மழைக்கு அஞ்சி விடுதிக்குள்ளேயே முடங்கிக் கிடக்காமல், ஒரு நாள் இரவு மரநிழல் கவிந்த குட்டையோரத்திலும், மறுநாள் விடியுமுன் பாறைகள் நிறைந்த ஓடைக்கரையிலும் அரைமணி நேரம் நின்று வருவார்களானால், இரண்டு வித்துவான்களைக் காசு கொடாமலே கேட்கலாம். அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் காலுறைக்குள் புகையிலைத் தூளைத் தூவிக்கொள்வது உத்தமம்.

இரவு வித்துவான் மலபார் பறக்கும் தவளை; இந்தியப் பறவைகளைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதிய ஜெர்டன் என்ற ராணுவ வைத்தியர்தான் 1870இல் இதற்குச் சாஸ்திரப் பெயரும் சூட்டினார். சோழிகளைக் கைக்குள் குலுக்கினாற்போல் ஒரு சிறு கடகடப்பு, பிறகு மௌனம். தவளையை ரசிக்க விரும்புகிறவன் காது கொடுக்க வேண்டியது அந்த மௌனத்துக்கே. ஏனெனில், ஒன்று ஓய்ந்த இடைவெளியில் எதிர்க்கிளையிலிருந்து மற்றொன்று எடுப்பதும், மூன்றாவது அவசரப்பட்டு இடையில் புகுந்து லயத்தைக் குலைப்பதும் அப்போதுதான் புலப்படும். வாயையும் நாசியையும் மூடிக்கொண்டு, நுரையீரலின் காற்றைத் தாடைக்குக் கீழுள்ள பைக்குள் தள்ளி, மீண்டும் உள்ளே வாங்கிக்கொள்வதால், மூச்சு விரயமாவதில்லை. விளக்கை ஒரு கணம் காட்டினால், இலையோடு இலையாகப் பச்சை உடம்பு ஒட்டியிருப்பதும், நீருக்கு மேலே தாழ்ந்த கிளையில் சோப்பு நுரை போன்ற முட்டைக்கூடு தொங்குவதும் தெரியும். உடனே அணைத்துவிட வேண்டும்.

விடியலில் பாடுவது சீகாரப் பூங்குருவி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் அரைகுறையாக நினைவிலிருக்கும் மெட்டைச் சீட்டியடித்துப் பார்ப்பதுபோல், ஏறுவதும் இறங்குவதுமாக, ஓரிடத்திலும் நிலைகொள்ளாத நாதம். ராகம் எதுவென்று ஆராய்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் குரல் பிறப்பதும், குஞ்சுப் பருவத்தில் மூத்தவற்றைக் கேட்டே பாட்டைப் பயில்வதும் பாடும் பறவைகளுக்கெல்லாம் பொதுவான விசேஷங்கள். தவளைக்குக் குரு கிடையாது. பிறவியிலேயே வந்த வித்தை. இருந்தும், என் அபிப்பிராயத்தில், கேட்கக் கற்றுக்கொள்ளச் சிரமமானது தவளையே; குருவியின் இனிமை வலிய வந்து காதில் விழுந்துவிடும்.

வெளிச்சம் வந்ததும் ஓடைக்கரையை விட்டு அகன்றுவிடாதீர்கள். அதுவரை கறுப்பாகத் தோன்றிய பறவையின் தோளில் நீலம் மின்ன, சற்றுமுன் உருகி உருகிப் பாடிய அதே வித்துவான், பிடித்த நண்டைப் பாறையில் அறைந்துகொண்டிருக்கும். அகப்பட்டால் சிறு தவளைகளையும் அது விட்டுவைப்பதில்லை.