பேரேட்டில் முருகன், லயத்தில் மாரி

திருவேங்கடம் என்ற எங்கள் ஊர்ப் பெயரே வடக்கேயுள்ள ஒரு மலையிலிருந்து வந்து குடியேறியதுதான். தெய்வங்கள் இடம் பெயர்வது புதிதல்ல. ஆனால் ‘இந்து மதம் உலகெங்கும் பரவியது’ என்று மேடைகளில் பெருமைப்படும்போது, ‘பரவியது’ என்ற சொல் ஒன்றை மறைக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் மதம் பரப்பப் போகவில்லை. ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள்.

தமிழர் போனது இரண்டு விதமாக. லேவாதேவிக்குப் போன நகரத்தார் முருகனை அழைத்துப் போனார்கள். சிங்கப்பூரில் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. ரங்கூனில் மாதாமாதம் கோயிலில் கூடித்தான் வட்டி விகிதம் முடிவு செய்தார்கள். மகமை கோயிலுக்குப் போயிற்று. பாங்கு குமாஸ்தாவான எனக்கு இந்த முருகன் அந்நியனல்ல.

கூலிகளின் தெய்வம் வேறு. லயத்துக்குப் பக்கத்தில், மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம்: மாரி, முனி, மதுரைவீரன். கங்காணியிடம் சொல்ல முடியாததை இவர்களிடம்தான் சொல்ல முடிந்தது.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) வட்டிக்கடை உலகத்தை அதன் பேச்சோடும் கணக்கோடும் கொண்டுவந்துவிட்டது. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’, வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அடையும் சீரழிவைச் சொல்கிறது. மருதியைப் போன்றவர்கள் நட்ட கல் என்னவாயிற்று என்பது அக்கதையின் விஷயமல்ல. இங்கிருந்து எழுதும் நாமும் அந்தக் கல்லின் பக்கம் அதிகம் போகவில்லை.

மலேசியாவில் பல இடங்களில் கல் விக்கிரகமாயிற்று. கோபுரம் எழுந்தது. ஆகம பூஜை வந்தது, கிடாவெட்டு நின்றது. மாரி பார்வதியின் அம்சமானாள். ரப்பர்த் தோட்டங்கள் கைமாறியபோது, நிலத்துக்குப் பத்திரமில்லாத கோயில்கள் இடிபட்டன. 2007 நவம்பரில் கோலாலம்பூரில் திரண்ட கூட்டத்தின் கோபத்தில் அந்த இடிபாடும் இருந்தது.

இந்த மாற்றத்தைத் தகவமைப்பு என்கிறார்கள். எனக்கு இது இரண்டாவது குடிபெயர்ப்பாகப் படுகிறது. கூலியின் பேரன் கௌரவம் பெற, பாட்டனோடு பட்டினி கிடந்த தெய்வம் வேறு முகம் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. எங்கள் பக்கத்துச் சுடலைமாடன்களுக்கும் இன்று இதுவேதான் நடக்கிறது. ஆனால் என்ன பெற்றோம், எதைக் கொடுத்துப் பெற்றோம் என்ற கணக்கை யாராவது எழுதியாக வேண்டும். அது சமயப் பிரசங்கியின் வேலையல்ல. நாவலாசிரியனின் வேலை.