மலிவு விலை ஏ-2 ஜாக்கெட்: முதலில் கட்டிங்கைப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகள் அணிந்த ஏ-2 தோல் ஜாக்கெட்டை இம்மி பிசகாமல் இன்றும் தைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் ரியல் மெக்காய்ஸ், பஸ் ரிக்சன்ஸ், இங்கிலாந்தின் ஈஸ்ட்மன் ஆகிய நிறுவனங்கள் அதில் பேர்பெற்றவை. அவர்களுடைய குதிரைத்தோல் ஜாக்கெட் 1,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அதே பெயரில் 200 முதல் 350 டாலருக்குள் கிடைப்பவையும் ஏராளம். அவற்றில் பல பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுகின்றன. இந்த மலிவு ரகத்தில் ஆட்டுத்தோல் ஜாக்கெட் ஒன்றை அளவு கொடுத்துத் தைத்து வாங்கினேன். குளிரிலும் தூறலிலும் பைக்கிலும் போட்டுப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒரு தோல் ஜாக்கெட்டில் பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியவை நிறைய உண்டு. ஜிப், மணிக்கட்டிலும் இடுப்பிலும் வரும் ரிப், லைனிங், பிரஸ் பட்டன் எல்லாமே அந்த வகைதான். போர்க்காலத்திலேயே விமானப்படைக் கிடங்குகளில் தேய்ந்த ரிப்பையும் லைனிங்கையும் பிரித்தெடுத்துப் புதிதாக வைத்துத் தைத்தார்கள். மாற்ற முடியாதவை இரண்டே: தோல், கட்டிங். கையில் குறைந்த பணம் இருக்கும்போது அதை இந்த இரண்டில்தான் போட வேண்டும். பெரும்பாலோர் தோலை மட்டும் விசாரிக்கிறார்கள். கட்டிங்கை யாரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

ஏ-2 அமெரிக்க ராணுவ விமானப் பிரிவின் சீருடையாக 1931இல் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய ஏ-1இல் பட்டன் இருந்த இடத்தில் ஜிப் வந்தது, பின்னல் காலர் இருந்த இடத்தில் தோல் காலர் வந்தது. வரைபட எண் 30-1415. ஏரோ லெதர், ரஃப் வேர், டுபோ எனப் பல நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்துத் தைத்தன. வரைபடம் ஒன்றுதான் என்றாலும் காலரின் முனை, தோளின் சரிவு, பையின் வடிவம் எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. 1943இல் தளபதி ஹாப் அர்னால்ட் தோல் ஜாக்கெட் கொள்முதலை நிறுத்தினார், துணி ஜாக்கெட் அதன் இடத்துக்கு வந்தது. தயாரிப்பு நின்றதே தவிர, கையிலிருந்த ஜாக்கெட்டை விமானிகள் விடவில்லை.

இனி கட்டிங். ஏ-2இன் முதுகு ஒரே தோல்துண்டு. நடுவில் தையல் கிடையாது. முழு முதுகுக்குப் பழுதில்லாத பெரிய துண்டு வேண்டும் என்பதால், செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது அங்கேதான். வாங்கும் முன் முதுகின் படத்தைக் கேளுங்கள். குறுக்கே ஒட்டு இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். அடுத்தது அக்குள். பழைய ஜாக்கெட்டுகளில் கைத்துளை உயரமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். மலிவுப் பிரதிகளில் யாருக்கும் பொருந்தட்டும் என்று அதைத் தாழ்த்தி அகலமாக்கிவிடுகிறார்கள். அப்படித் தைத்த ஜாக்கெட்டில் கையைத் தூக்கினால் உடம்புப் பகுதி முழுதும் மேலேறி வயிறு தெரியும். மூன்றாவது நீளம். அந்தக் காலத்தில் கால்சட்டை இடுப்புக்கு மேலே நின்றது, ஜாக்கெட் பெல்ட்டோடு முடிந்தது. 40 அளவுள்ள பழைய ஜாக்கெட்டில் காலர் தையலிலிருந்து ரிப்பின் அடிவரை சுமார் 24, 25 அங்குலம்தான் இருக்கும். இன்றைய பிரதி 27 அங்குலம் என்றால் அது ஏ-2இன் சாயலில் தைத்த சாதாரண ஜாக்கெட். நான் தைக்கக் கொடுத்தபோது மார்பளவை விட்டுவிட்டு அக்குளையும் நீளத்தையும்தான் திரும்பத் திரும்ப வலியுறுத்தினேன். வந்த ஜாக்கெட்டில் மிகச் சரியாக அமைந்தவையும் அவை இரண்டுமே. கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் ரிப் இடுப்பிலேயே நிற்கிறது.

தோலுக்கு வருவோம். போர்க்கால ஏ-2களில் பெரும்பாலானவை குதிரைத்தோல், சில ஆட்டுத்தோல். மலிவு விலையில் நல்ல குதிரைத்தோல் எதிர்பார்க்காதீர்கள். அந்த விலைக்கு ஆட்டுத்தோல்தான் நேர்மையான தேர்வு. மெல்லியதானாலும் எளிதில் கிழியாது, மணிமணியான மேற்பரப்பு இயற்கையாகவே அழகு. செம்மறிக்குட்டித் தோல் கைக்கு வெண்ணெய்போல் இருக்கும், ஆனால் ஒரு ஆணி போதும் கிழிக்க. மேற்பரப்பைத் தேய்த்துச் சாயம் பூசி மட்டமாக்கிய தோலை இனம் காண, விரலால் உள்ளிருந்து அழுத்துங்கள். இயல்பான தோலில் சிறு சுருக்கங்கள் விரிந்து நிறம் சற்றே மாறும். பூச்சுத் தோல் பிளாஸ்டிக் மாதிரி அப்படியே வளையும். பழசாகத் தெரியட்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விற்பவற்றை நான் எந்த விலைக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். முழங்கையிலும் பை விளிம்பிலும் நீங்கள் உழைத்துச் சேர்க்க வேண்டிய அடையாளத்துக்கு அங்கே இடமே மிச்சமில்லை, தேய்ந்த மேல்தோல் திரும்பவும் வராது.

எனக்கு வந்த ஜாக்கெட்டில் குறைகள் எல்லாம் மாற்றக்கூடிய பக்கத்தில்தான் இருந்தன. ரிப் கம்பளி இல்லை, அக்ரிலிக். குளிர்காலம் முடிவதற்குள் மணிக்கட்டில் தொளதொளத்துவிட்டது. உலோக ஜிப்தான், ஆனால் நாடா பளபளப்பான செயற்கை இழை, இழுக்கும்போது இடையில் தயங்குகிறது. காலர் முனையைப் பிடிக்க உள்ளே மறைந்திருக்க வேண்டிய பிரஸ் பட்டன் வெளியே தெரிகிறது. ரிப்பைக் கம்பளியில் மாற்றிவிட்டேன், ஜிப்பையும் பிறகு மாற்றுவேன். ஒன்றை மட்டும் தையற்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள்: பழைய ஊசித்துளைகளின் வழியேதான் புதுத் தையல் போக வேண்டும். துணியைப் போலத் தோலில் துளை மூடாது. பக்கத்தில் இன்னொரு வரிசை விழுந்தால் அந்த விளிம்பு நாளடைவில் கிழிந்துவிடும்.

பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்க்கால ஏ-2இல் பக்கவாட்டில் கைநுழைக்கும் பை கிடையாது, மேலே மூடியுள்ள இரண்டு ஒட்டுப்பைகள் மட்டுமே. நிறையப் பிரதிகளில் அவற்றுக்குப் பின்னால் கைநுழைக்கும் பை ஒன்றையும் சேர்த்துவிடுகிறார்கள். குளிருக்கு இதம்தான், ஆனால் ஓயாமல் கை நுழைத்து அந்தப் பை உப்பிப்போய் முன்பக்கத்தின் ஒழுங்கே கெட்டுவிடுகிறது. வேண்டாம் என்று சொல்லித்தான் தைக்கச் சொன்னேன்.

பத்துப் பதினைந்து டிகிரிக் குளிருக்கு, உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட்டால் போதும். அதற்குக் கீழே போனால் பருத்தி லைனிங் தாங்காது. தூறலில் நனைந்தால் நிழலில் காற்றாட உலரவிடுங்கள், ஹீட்டர் பக்கம் போகவே கூடாது. பைக்குக்குப் போடலாம், ஆனால் விழுந்தால் காக்கும் பட்டைகள் எதுவும் இதில் இல்லை. ஒரே துண்டு முதுகு என்பதால் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கும்போது தோள்களுக்கிடையே இழுக்கவும் செய்யும். அந்த நீட்டலுக்காகவே கடற்படையின் ஜி-1இல் முதுகில் மடிப்பு வைத்தார்கள். அதிகம் பைக் ஓட்டுபவர்கள் மலிவு ஜி-1ஐத் தேடுவது நல்லது. அதன் ரோமக் காலர் செயற்கையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சியால்கோட் வழி இப்போது மூடியிருக்கிறது. பாகிஸ்தான் இறக்குமதியை இந்திய அரசு 2025 மே மாதம் தடை செய்தது. ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஆட்டுத்தோலுக்குப் பஞ்சமில்லை. கிடைக்காதது பழைய பேட்டர்ன்தான். நல்ல தோல் தையற்காரர் கிடைத்தால், அக்குள், முதுகு நீளம், தோள் அகலம் இவற்றை எழுதிக் கொடுத்து முதலில் மலிவுத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு தோலை வெட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அமெரிக்க விமானப்படை 1988இல் ஏ-2ஐ ஆட்டுத்தோலில் திரும்பவும் கொண்டுவந்தது. வீரர்களுக்குக் கொடுத்த அந்த ஜாக்கெட்டுகள் பழைய பொருள் சந்தையில் விலைக்கு வருகின்றன. போர்க்காலத்து ஒடுக்கமான உடம்பு அவற்றுக்கு இல்லை, அதனால் வழக்கமான அளவிலிருந்து ஒன்று குறைத்தே கேளுங்கள்.