பூண் போட்ட பேனா: கடைசல் மரபும் மலைக்காற்றும்

உலக்கைக்கு இரும்புப் பூண் போடுவது, குத்துகிற வேகத்தில் கட்டை பிளந்துவிடக் கூடாது என்பதற்காக. பேனாவுக்குப் பூண் வந்த கதையும் அதுவே. 1921-ல் அமெரிக்காவில் பார்க்கர் கம்பெனி டியோஃபோல்ட் என்ற சிவப்பு ரப்பர் பேனாவைக் கொண்டுவந்தபோது அதன் மூடியில் வளையம் எதுவும் இல்லை. திருகித் திருகி மூடியதில் விளிம்பு வெடித்தது. ஓரிரு ஆண்டுகளில் மூடியின் வாயில் ஒரு பூண் ஏறிவிட்டது. தங்க முலாம், பெயர் பொறிப்பு, ஒன்றுக்கு மூன்றாய் வளையம் எல்லாம் பிறகு சேர்ந்த சிங்காரம். கையால் கடைசல் பிடித்த பேனா எதைக் கொடுத்தாலும் முதலில் நான் நகத்தை ஓட்டிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். கட்டையும் வளையமும் சேரும் கோடு நகத்தில் இடறுகிறதா, இல்லையா? மற்றதெல்லாம் அப்புறம்.

கொடைக்கானல் அடங்கிய பழனி மலைத்தொடருக்கென்று பெயர் பெற்ற பேனா மரபு ஒன்றும் கிடையாது. ஆனால் பேனாவுக்கு ஏற்ற மரம் இங்கே கொட்டிக் கிடக்கிறது. கடைந்த பேனாவைச் சோதித்துப் பார்க்கும் காற்றும் இருக்கிறது. இவற்றைப் பற்றிப் பேசுமுன் தென்னாட்டின் கடைசல் வழிகளைப் பார்த்துவிடுவோம்.

மூத்தது அரக்கு வழி. தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்தின் சொப்புச் சாமான், கர்நாடகத்தில் சென்னபட்டணத்துப் பொம்மை, ஆந்திரத்தில் ஏடிகொப்பாக்கா என மூன்று ஊர்ப் பட்டறைகளிலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். கட்டை சுழலும்போது வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு இளகிக் கட்டையைப் பற்றிக்கொள்ளும். தாழை ஓலையை வைத்து அழுத்தி ஓட்டினால் பளபளப்பு ஏறும். உளி நுனியால் கோடு கிழித்து, சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள், அதை அடுத்துக் கறுப்பு என்று வளையம் வளையமாகப் பிரிப்பார்கள். சென்னபட்டணத்திலும் ஏடிகொப்பாக்காவிலும் இதற்கு வாகான மரம் வெப்பாலை. நிறம் வெளுப்பு, இழை நெருக்கம். அரக்கின் வண்ணம் அதில் மங்காது.

இந்த வழியில் பூண் என்பது தனிப்பொருள் இல்லை, ஒரு பூச்சு. இணைப்பே இல்லாததால் நகம் இடற இடமில்லை. அந்த வகையில் நான் பார்த்ததிலேயே நேர்மையான வளையம் இதுதான். பொம்மைக்கும் பேனாவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்பதைச் சில பட்டறைகள் மறந்துவிடுகின்றன. பேனாவை நாள் முழுக்க வியர்வைக் கை பிடித்திருக்கும். அரக்கு எண்பது டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கும், ஈரத்தில் வெளுக்கும், சாராயத்தில் கரையும். கொரோனாக் காலத்தில் கைக்குச் சானிடைசர் போட்டுக்கொண்டு அதே கையோடு அரக்குப் பேனாவை எடுத்தவர்களின் விரலில் வண்ணம் ஒட்டியிருக்கும். விரல் பிடிக்கும் இடத்தை வெறுங்கட்டையாக விட்டு, இடையிலும் மேலும் மட்டும் அரக்கு வளையம் ஏற்றுகிறவர்தான் பேனாவுக்காக யோசித்தவர்.

இரண்டாவது எபோனைட் வழி. ரப்பரில் ஏறத்தாழ முப்பது சதவீதம் கந்தகம் சேர்த்து வேகவைத்தால் கிடைக்கும் கறுப்புக் கட்டி அது. கடையும்போது பட்டறை முழுக்கக் கந்தக நெடி அடிக்கும். ஹைதராபாத்தில் டெக்கான் பென் ஸ்டோர்ஸ் 1928 முதல், ராஜமுந்திரியில் ரத்னம் 1930-களின் தொடக்கம் முதல், அதே ஊரில் கைடர் 1946 முதல், சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ, நம் காலத்தில் திருவள்ளூர் ரங்கா என்று இந்தப் பரம்பரை நீளுகிறது. வெளிநாட்டுப் பொருள் கலக்காத பேனா வேண்டும் என்ற காந்தியின் விருப்பத்தை ரத்னம் நிறைவேற்றியதும், 1935-ல் காந்தி கைப்பட நன்றிக் கடிதம் எழுதியதும் ஊரறிந்த கதை. அந்த அளவுகோலை இன்று எடுத்து நீட்டினால் பல பட்டறைகள் தேறாது. உடல் நம்முடையது, நிப்பு ஜெர்மனியிலிருந்து வருகிறது. அதைக் குறையாக நான் சொல்லமாட்டேன். எழுதுகிறவனுக்கு நிப்பு நன்றாக ஓடவேண்டும்.

எபோனைட்காரர்கள் பூணை அதிகம் மதிப்பதில்லை. மூடியும் உடலும் ஒரே தண்டிலிருந்து வரும். மரையையும் அதே பொருளிலேயே வெட்டுவார்கள். மூடியை இறுக்கித் திருகியபின் இரண்டும் சேரும் கோடு தெரியாமல் இருப்பதே அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். அலங்காரம் வேண்டுமென்றால் வண்ணம் கலந்த தண்டையே எடுத்துக்கொள்வார்கள். பச்சையும் கறுப்பும் அலை அலையாக உள்ளுக்குள்ளேயே ஓடியிருக்கும். எபோனைட் தண்ணீர் குடித்து ஊதாது, மழையிலும் வெயிலிலும் அளவு மாறாது. வெளிச்சத்தில் கிடந்தால் கறுப்பு மங்கிப் பழுப்பாகும், அவ்வளவுதான்.

ஆனால் அவர்களுக்கும் மலை ஒரு பரீட்சை வைத்திருக்கிறது. உடலுக்குள் நேராக மை ஊற்றும் பேனாவைச் சட்டைப் பையில் வைத்து வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறிப் பாருங்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிப்ஸ் பாக்கெட் உப்புவதுபோலவே பேனாவுக்குள் இருக்கும் காற்றும் விரிந்து மையை வெளியே தள்ளும். பேனா முக்கால் காலியாக இருந்தால் உள்ளே காற்று அதிகம், அப்போதுதான் கசிவும் அதிகம். மை முழுக்க நிரப்பி, நிப்பு மேலே பார்த்தபடி வைத்தால் சட்டை பிழைக்கும். மலையேறுகிறவர்களுக்கு இதைச் சொல்லி விற்கும் கடைக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மூன்றாவது வழிதான் இன்று வீட்டு மாடிகளிலும் சிறு பட்டறைகளிலும் பரவி வருகிறது: மரக்கட்டையைக் கடைந்து, தைவான் முதலிய இடங்களிலிருந்து வரும் உலோக உறுப்புகளைப் பொருத்துவது. இரண்டு துண்டுக் கட்டை, உள்ளே ஏழு மில்லிமீட்டர் பித்தளைக் குழாய், நடுவே ஒரு உலோகப் பூண். மேல்பாதியைத் திருகினால் ரீஃபில் வெளியே வரும். கடைகிறவருக்கு இதில் எளிதில் ஒரு சலிப்பு வந்துவிடும். மரம் எதுவானாலும் நடுவில் உட்காருவது அதே முலாம் பூசிய வளையம். ஆயிரம் பேர் பேனாவில் ஒரே பூண். அதை எடுத்து எறிந்துவிட்டுத் தானே ஒரு வளையம் செய்யத் தொடங்கும் இடத்தில்தான் உறுப்புகளைக் கோக்கிறவர் கடைசல்காரர் ஆகிறார் என்பேன்.

அந்த வளையத்தை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, கடைந்து முடித்த மேல்துண்டின் அடியில் நாலைந்து மில்லிமீட்டர் நீளத்துக்குக் கட்டையைச் சீவிக் குழாய்வரை இறங்கி, வேறு கட்டையில் செய்த வளையத்தைச் செருகி ஒட்டுவது. மற்றது, கடைவதற்கு முன்பே கறுப்புச் சீவல், பித்தளைத் தகடு, வெள்ளை எலும்பு, மறுபடி கறுப்புச் சீவல் என்று வில்லை வில்லையாகக் குழாயில் கோத்து அரால்டைட்டால் ஒட்டி, எல்லாவற்றையும் ஒருசேரக் கடைவது. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. வளையமும் கட்டையும் ஒரே உளியில் ஒரே மட்டத்துக்கு வருகின்றன.

வம்பு வருவது உப்புத்தாள் போடும்போது. பித்தளைத் துகள் சாம்பல் நிறமாகக் கிளம்பிப் பக்கத்திலிருக்கும் வெளிர்மரத்தின் துளைகளில் புகுந்துவிடும். கருங்காலியின் தூளும் அப்படித்தான். அழகாக வந்துகொண்டிருந்த பேனா ஒரு நிமிடத்தில் அழுக்குக் கை பட்டதுபோல் ஆகிவிடும், கழுவினாலும் போகாது. அதனால் தேர்ந்த கை உளியிலேயே முடிந்தவரை மழமழப்பைக் கொண்டுவந்துவிடும். வெளிர்மரத்தின் துளைகளை மெல்லிய பெவிக்குவிக் ரகப் பசையால் முதலில் அடைத்துவிட்டு, லேத்தை நிறுத்திவைத்து நீளவாக்கில் தேய்க்கும். லேத் சுழலும்போதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பித்தளை சூடேறினால் பசை இளகி வளையம் தனியே சுழலத் தொடங்கும்.

அடுத்தது ரேகை. ஒரே கட்டையை இரண்டாக அறுத்துத்தான் மேல்துண்டும் கீழ்த்துண்டும் எடுக்கிறார்கள். அறுக்குமுன் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு வைத்தால், கீழே ஓடும் ரேகை பூணைத் தாண்டி மேலேயும் தொடரும். பூண் அகலமாக அகலமாக நடுவில் தொலைகிற ரேகையும் கூடும். ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போன வளையம் எனக்குப் பூணாகத் தெரிவதில்லை. இடுப்பில் கட்டுப் போட்ட நோயாளிதான் நினைவுக்கு வருகிறார்.

இனி மலைக்காற்றுக்கு வருவோம். மரம் காற்றின் ஈரத்தை இழுக்கும், விடும். காற்றில் ஈரம் 65 சதவீதம் இருந்தால் மரத்தில் 12 சதவீதம் அளவில் ஈரம் நிற்கும். 90-ஐத் தொட்டால் மரத்தில் 20-ஐ நெருங்கும். காற்று 40-க்கு இறங்கினால் மரம் எட்டுக்கும் கீழே போகும். ஐப்பசி கார்த்திகையில் மூட்டம் இறங்காத கொடைக்கானல் நாள் ஒன்றில் கடைந்த பேனா, சித்திரை வெயிலில் மதுரை மேசைமேல் கிடந்தால் என்ன ஆகும்? கட்டை சுருங்கும், பித்தளை சுருங்காது. பூணுக்குப் பக்கத்தில் மரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தத் தோல் பித்தளைக் குழாயை இறுக்கிப் பிடித்து, இடமில்லாமல் நீளவாக்கில் வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் பூண் மட்டும் மேடாக நிற்கும். அதுவும் சுற்றிலும் சமமாக நிற்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமாகக் கடைந்தது லேசாக நீள்வட்டமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. நகத்தை ஓட்டினால் ஒரு பக்கம் வழுக்கும், கால் சுற்று தள்ளி இடறும். பசையைப் பல பூச்சாகப் போட்டுக் கண்ணாடிபோல் மெருகேற்றிய பேனாவில் இது வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும்: பூண் விளிம்பையொட்டி மெருகு தூக்கிக்கொண்டு வெள்ளைக் கோடு விழும்.

ஆகவே மலையில் கடைகிறவருக்கு முதல் கட்டளை உலர்த்தல். அறுத்த சில்லுகளைப் பருவம் ஒன்றிரண்டு வீட்டுக்குள் அடுக்கிவைத்து, துளை போட்டபின் மறுபடி சில நாள் விட்டு, கடைசல் வேலையைப் பனிமாதங்கள் கழிந்த வறண்ட நாட்களில் வைத்துக்கொள்ளலாம். எடை குறைவது நிற்கும்வரை காத்திருப்பதுதான் கணக்கு. சமையலறைத் தராசு போதும்.

மரத்துக்கு இங்கே பஞ்சமில்லை என்றேன். பேனாவுக்கு வேண்டியது ஐந்தங்குல நீளம், முக்கால் அங்குலச் சதுரம். யாரும் மரம் வெட்டவேண்டியதில்லை. கவாத்தில் கழிகிற கிளையே போதும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை ஆரவாக்கில் அறுத்தால் சரிகைப் பொட்டு சிதறியதுபோல் ஒரு மினுக்கம் வரும். பேனா போன்ற சிறு பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான ரேகை இந்த மலையில் கிடையாது. காப்பிச் செடியின் பழந்தண்டு வெளிர் மஞ்சள், கெட்டி, மெல்லிய உளிக்கும் பிசிறாது. கொடைக்கானல் பேரிமரம் இன்னொரு புதையல். ஐரோப்பாவில் குழலிசைக் கருவி கடைய விரும்பி எடுக்கிற மரம் அது. துளை கண்ணுக்குத் தெரியாத நெருக்கம், பித்தளைத் தூள் புக இடமே தராது. பூண் வேலை செய்கிறவர் பேரியில் தொடங்குவது நல்லது. 1906-ல் வனத்துறை அதிகாரி பிரையண்ட் நட்டுத் தொடங்கிய பைன், பார்க்கத்தான் அழகு. பிசினும் மென்மையும் சேர்ந்து உளியைச் சோதிக்கும். ஈட்டி, சந்தனம் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் வனத்துறைத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஈட்டி வகை மரங்கள் முழுவதும் 2017 முதல் உலக வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன. சோலை மரங்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இழைப்பு வேலையைப் பற்றியும் ஒரு வரி சொல்லவேண்டும். உத்தரப் பிரதேசத்து மைன்புரியில் மரத்தில் பித்தளைக் கம்பியை அடித்து இறக்கும் தார்க்கஷி வேலை உண்டு, மைசூரில் ஈட்டியில் வேறு நிறப் பொருள் பதிக்கும் மரபு உண்டு. இவை பேனாப் பூணுக்கு இன்னும் சரியாக இறங்கி வரவில்லை. தட்டைப் பலகையில் கைபழகியவர்களுக்கு, விரல் பருமன் வளைவில் கம்பி நிற்காது என்பது காரணமாயிருக்கலாம். கட்டையை நான்கு பக்கமும் சாய்வாக அறுத்து மெல்லிய சீவல் செருகிக் கடைந்தால் ஒன்றோடொன்று பின்னிய வளையங்கள் தோன்றும் ஒரு உத்தி வெளிநாட்டுப் பேனாக்காரர்களிடம் பிரபலம். நம்மவர் அதையே சிக்குக் கோலத்தின் போக்கில் செய்து பார்க்கலாம். நான்கு வெட்டும் ஒரே ஆழம், ஒரே சாய்வு. ஒன்று அரை மில்லிமீட்டர் தவறினாலும் பின்னல் அவிழ்ந்ததுபோலத் தெரியும்.

போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் தரம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் மெருகையும் மரத்தின் அபூர்வத்தையும் பார்த்து மயங்குகிறார்கள். பேனாவைக் கையில் வாங்கி ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிறவர் குறைவு. நான் நடுவராக உட்கார்ந்தால் மூன்றே காரியம் கேட்பேன். நகம் இடறாத பூண். மூடிய நிலையில் பூணைத் தாண்டித் தொடரும் ரேகை. மூன்றாவது ரீஃபில். மெல்லிய திருகுபேனா உறுப்புகள் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது க்ராஸ் வகை ரீஃபில். பழனி அடிவாரத்துப் பெட்டிக்கடையிலோ கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு எதிரிலோ கேட்டால் பார்க்கர் வகை உடனே கிடைக்கும், க்ராஸ் கிடைக்காது. நாள்கணக்கில் உட்கார்ந்து வளையம் கோத்தவர் உறுப்பு வாங்கும் அன்றே பார்க்கர் ரீஃபில் ஏற்கும் ரகத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம்; விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, உள்ளே போகும் குழாய்தான் கொஞ்சம் பருமன்.