எழுத்து தெரிந்தால் புத்தகம் தெரிந்துவிடுமா?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நூலகம். அலமாரியில் மரப்பலகை அச்சில் வந்த ஜப்பானியப் புத்தகம் ஒன்று. கடைசித் தாளில் ‘கென்ரோகு 3’ என்று இருக்கு, அதாவது 1690. பட்டியலில் அச்சான ஆண்டு என்று நீங்கள் எதைப் போடுவீங்க?

1690 என்று போட்டால் தப்பாகப் போக நல்ல வாய்ப்பிருக்கு. அது பலகை செதுக்கி முதலில் வெளியிட்ட ஆண்டு. பலகை என்பது பதிப்பாளரின் சொத்து. கைமாறும், விற்கப்படும். வாங்கினவர் பழைய ஆண்டை அப்படியே விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் செதுக்கிச் சேர்ப்பார். சில சமயம் அதையும் செய்ய மாட்டார். நூறு வருஷம் கழித்து அதே பலகையில் மையைத் தடவி எடுத்த பிரதியிலும் 1690-தான் இருக்கும்.

வெளிநாட்டு மாணவர்களுக்கும் நூலகர்களுக்கும் பழைய ஜப்பானியப் புத்தகங்களைச் சொல்லிக்கொடுக்கும் முயற்சிகளைக் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கு வந்து சேர்வதற்கு முன்னாடியே முடிந்துவிடுகின்றன என்பதுதான் என் குறை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகங்களில் இருக்கும் கூட்டெழுத்துக்குக் குசுஷிஜி என்று பெயர். 1900-இல் ஜப்பான் தன் தொடக்கப்பள்ளி எழுத்தைச் சீர்திருத்தி, ஓர் ஒலிக்கு ஒரே கானா வடிவம் என்று முடிவு பண்ணியது. மற்ற வடிவங்கள் மெல்ல வழக்கொழிந்தன. இன்றைக்குப் படித்த ஜப்பானியர்களிலேயே மிகச் சிலரால்தான் எடோ காலத்துப் புத்தகத்தைப் பிரித்த உடனே வாசிக்க முடியும். அச்செழுத்தில் மறுபதிப்பு கண்டவை மொத்தத்தில் ரொம்பச் சின்னப் பங்கு. மறைந்த அறிஞர் நகானோ மித்சுதோஷி கடைசிவரை இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: பழைய புத்தகத்தை வாசிக்கும் திறனை மீட்காவிட்டால் நமக்குக் கைக்கெட்டுவது யாரோ தேர்ந்தெடுத்துத் தந்த துளி மட்டும்தான்.

வெளிநாட்டில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டு செயல்பட்டவர்களும் உண்டு. கேம்பிரிட்ஜின் இமானுவேல் கல்லூரியில் லௌரா மொரெத்தி 2014 முதல் கோடைக்காலப் பள்ளி நடத்துகிறார். 2016-இல் ஒசாகா பல்கலைக்கழகம் ‘கூலா’ என்ற கைபேசிச் செயலியைக் கொடுத்தது. 2021-இல் ‘மிவோ’ வந்தது. படம் எடுத்தால் கூட்டெழுத்தை இன்றைய எழுத்தாக மாற்றிக் காட்டும். அதன் பின்னால் இருந்த தாரின் க்லானுவத் தாய்லாந்துக்காரர். ஜப்பானுக்கு வந்து கெஞ்சிக் கதையை ஆராய்ந்தவர். வெளியிலிருந்து வந்த ஒரு மாணவர் கற்றுக்கொண்டது, ஜப்பானியர்களுக்கே திரும்பக் கிடைத்தது. வெளிநாட்டில் ஏன் சொல்லிக்கொடுக்கணும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, குறைக்கு வருவோம். இந்த முயற்சிகளில் பெரும்பாலானவை புத்தகத்தை வாசகமாகத்தான் பார்க்கின்றன. எழுத்தைப் பிரி, வரியைப் படி, பொருள் சொல். இலக்கிய மாணவருக்கு இது போதும்போல இருக்கும். நூலகருக்குப் போதவே போதாது. அவர் முன்னால் வருவது ஒரு வரி இல்லை, ஒரு பொருள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதே சிக்கல். அட்டையில் ஒட்டின தலைப்புச் சீட்டில் ஒரு பெயர், உள்ளே வாசகம் தொடங்கும் இடத்தில் இன்னொன்று, தாள் மடிப்பில் சுருக்கமாக மற்றொன்று, முடிவில் வேறொன்று. சீட்டு உதிர்ந்துபோகும், பின்னால் யாரோ புதிதாக எழுதியும் ஒட்டியிருக்கலாம். அதனால்தான் ஜப்பானில் உள்தலைப்புக்கு முதலிடம் கொடுக்கிறார்கள். மேற்கத்திய முகப்புத் தாளை மனதில் வைத்துப் பழகினவர் கை தன்னால் அட்டைக்குத்தான் போகும். ஐந்து பாகத்தில் நான்காவது மட்டும் நூலகத்தில் இருந்தால், பதிப்பு விவரம் இருக்கும் கடைசித் தாளே கிடையாது. அப்போது எதை வைத்துக் காலம் சொல்வது?

பொருளை வைத்துத்தான் சொல்லணும். பலகையில் விரிசல் விழுந்தால், பக்கத்தைச் சுற்றியுள்ள சட்டக்கோட்டில் இடைவெளி தெரியும். பின்னால் எடுத்த பிரதிகளில் அந்த இடைவெளி பெரிசாகும், எழுத்து தேய்ந்து தடிக்கும். இன்னொரு தந்திரமும் உண்டு. அச்சான தாளையே புதுப் பலகையில் ஒட்டி அதன்மேல் செதுக்குவார்கள். இதற்குக் ‘கபுசெபோரி’ என்று பெயர். பார்க்க அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். ஆனா சட்டம் சில மில்லிமீட்டர் சின்னதாகிவிடும். அளவுகோல் வைத்து அளந்தால்தான் பிடிபடும். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது. இரண்டு பிரதியிலும் வாசகம் ஒன்றுதானே.

இந்த இடத்தில் 2016-இல் கெயோ பல்கலைக்கழகம் ஃபியூச்சர்லேர்ன் தளத்தில் தந்த இணையப் பாடத்தைத் தனியாகச் சொல்லணும். சசாகி தகாஹிரோவும் அவர் குழுவும் எழுத்திலிருந்து தொடங்கவில்லை, கட்டுமானத்திலிருந்து தொடங்கினார்கள். சுருள், மடிப்பு, ஒட்டு, நூல்தையல், பைபோல மடித்த தாள் என்று. எந்த வடிவத்தில் எந்த மாதிரி நூலை எழுதினார்கள், எதற்கு மதிப்பு அதிகம் என்று காட்டினார்கள். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவரும் புத்தகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம் என்று நிரூபித்த பாடம் அது. ஆனா திரையில் தாளின் தடிமன் தெரியாது, எடை தெரியாது. அங்கிருந்து அடுத்த படி கையில் எடுத்துப் பார்ப்பதுதான். அந்தப் படிக்கு ஆளைக் கூட்டிப்போகும் வகுப்புகள் குறைவு.

“எழுத்தே தெரியாதவன் கடைசித் தாளை எப்படி வாசிப்பான்?” என்று நீங்க கேட்கலாம். நியாயம்தான். எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் தனித்தனி வகுப்பாக, ஒன்று மாணவருக்கு, ஒன்று நூலகருக்கு என்று பிரித்ததுதான் தப்பு. மாணவர் நம்புவது நூலகர் போட்ட ஆண்டை. நூலகர் நம்புவது மாணவர் வாசித்துச் சொன்ன வரியை. இருவரும் ஒரே மேசையில் உட்காராவிட்டால் ஒருவர் பிழை மற்றவர் ஆதாரமாகிவிடும்.

இது சின்ன விஷயம் இல்லை. லெய்டனில் சீபோல்ட் கொண்டுவந்தவை இருக்கு, கேம்பிரிட்ஜில் 1911-இல் வாங்கிய ஆஸ்டனின் தொகுப்பு இருக்கு. இவற்றுக்கெல்லாம் நல்ல பட்டியல் வந்தது, படித்தவர்கள் கையில் எடுத்துப் பார்த்ததால். அந்த அதிர்ஷ்டம் கிடைக்காத சின்ன நூலகங்களில் ‘ஜப்பானியப் படப்புத்தகம்’ என்ற ஒற்றை வரியோடு கிடப்பவற்றை யார் தேடி வருவார்கள்? பட்டியலில் இல்லாதது ஆராய்ச்சியிலும் இல்லை.

எனக்குத் தோன்றும் தீர்வு எளிமையானது. தோக்கியோவின் தேசிய ஜப்பானிய இலக்கிய ஆய்வு நிறுவனம் 2014-இல் தொடங்கி 3 லட்சம் நூல்களைப் படமாக்கும் திட்டத்தில் இறங்கியது. அந்தப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நாள் வகுப்பில் எழுத்து அட்டவணையைக் கொடுப்பதற்கு முன்னால், உங்க நூலகத்துப் பிரதி ஒன்றை மேசையில் வையுங்க. அதே நூலின் இன்னொரு பிரதியைத் திரையில் திறங்க. சட்டக்கோட்டில் எது முதலில் உடைந்தது என்று மட்டும் கேளுங்க. அதைக் கண்டுபிடித்தவர் அடுத்த கேள்வியாக “அந்தக் கடைசித் தாளில் என்ன எழுதியிருக்கு?” என்று தானே கேட்பார். எழுத்துப் பாடத்தை அப்போது ஆரம்பிக்கலாம்.