வேடமும் பெயரும்: சிறார் நாடக ஆய்வு பற்றிய ஒரு திறனாய்வு

நாடகத்தை ஆராய்தல் வேறு. நாடகத்தால் ஆராய்தல் வேறு. முன்னது தமிழ்த்துறைகளுக்குப் பழகிய பணி. பின்னது கல்வியியலாரும் சமூகவியலாரும் உளநூலாரும் அண்மைக் காலத்தே கைக்கொண்ட முறை. வினாத்தாள் கொடுத்து விடை பெறுவதற்கு மாறாக, சிறாரையும் இளைஞரையும் ஒரு நிகழ்ச்சியை நடித்துக் காட்டச் செய்து, அதன் வாயிலாக அவர்தம் வாழ்வை அறிய முயல்வர். இம்முறையின் பயன் பெரிது. ஆயினும், நடிப்பிற் பிறந்த சொல்லை ஆய்வாளர் எவ்வாறு படிக்கின்றனர், எவ்வாறு எழுதுகின்றனர் என்னும் இடத்தில் ஒரு குறை உளது. அக்குறை இலக்கியக் கல்வி உடையார்க்கு எளிதிற் புலனாவது. ஆகலின் அதனை எடுத்துரைத்தல் நம் கடனாகின்றது.

பர்கூர் வட்டாரத்தை இதற்கு நிலைக்களனாகக் கொள்வோம். கருங்கல் அறுக்கும் பட்டறைகளும் தொழிற்பேட்டையும் மாந்தோப்புகளும் கலந்த பகுதி இது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையும் கன்னடம் பேசும் பிள்ளையும் உருது பேசும் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து தமிழ் படிக்கின்றனர். இத்தகையோர்க்கு அச்சிட்ட வினாத்தாள் இருமடங்கு அயலானது. அவர்கள் எழுதும் விடை பெரும்பாலும் பாடநூலின் விடையே. நடிக்கச் சொன்னாலோ வீட்டுமொழி தானே வந்துவிடும்; சொல் வாராத இடத்தில் கை வரும், கண் வரும். மேலும், இவ்வட்டாரப் பிள்ளைகளுக்கு நாடகம் புதியதன்று. பாரத விழாக்களில் இரவெல்லாம் கூத்துப் பார்த்தவர்கள். படுகளத்தில் மண்ணாற் செய்த துரியோதனன் கிடக்கத் திரௌபதி கூந்தல் முடிவதைக் கண்டவர்கள். திரௌபதியாக நின்றவர் மறுநாட் காலையில் தம் தொழிலுக்குச் செல்லும்போது அவரைத் திரௌபதி என்று எவரும் மயங்குவதில்லை. வேடம் வேறு, ஆள் வேறு என்னும் அறிவு ஊரார்க்கு உண்டு. அவ்வறிவு ஆய்வேடுகளிற் குறைந்து காணப்படுவதே நாம் குறிக்க வந்த செய்தி.

தமிழ் மேடையிற் சிறார் ஏறியது நெடுநாட் செய்தி. 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, சங்கரதாசு சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு, சிறுவர்களையே நடிகராக்கிற்று. தி. க. சண்முகம் தம் 6ஆம் வயதில் அங்கு நடிகரானார். அந்நாளைய சிறுவர் வாழ்வை அவர்தம் ‘எனது நாடக வாழ்க்கை’யிற் காண்கின்றோம், அந்நூல் வெளிவந்ததோ 1972இல். மேடையில் அப்பிள்ளைகள் பேசியவை ஆசிரியர் எழுதித் தந்த சொற்கள். அவர்தம் சொந்தச் சொல் அச்சேற அரை நூற்றாண்டு சென்றது.

பர்கூர்க்கு அணித்தான சான்று ஒன்றும் உண்டு. 1997 முதல் 1999 வரை தருமபுரி மாவட்டத்திற் பெண்சிசுக் கொலையை எதிர்த்து எழுந்த மக்கள் இயக்கத்தில், கலைப்பயணம் என்னும் வீதி நாடகங்கள் ஊர்தோறும் நடைபெற்றன. கிருட்டிணகிரி தனி மாவட்டமானது 2004இல். ஆகவே பர்கூரும் அன்று அம்மாவட்டத்தின் பகுதியே. அவ்வியக்கம் பற்றி வெங்கடேசு ஆத்ரேயாவும் சீலாராணி சுங்கத்தும் 2000இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை கற்கத் தக்கது. வீட்டுக்குள் மறைத்த கொடுமையைத் தெருவிற் பேசவைத்தது அக்கலைப்பயணத்தின் சிறப்பு. எனினும் அது கூறும் நாடகம். கேட்கும் நாடகம் அன்று. கூறவேண்டிய கருத்து முன்னரே முடிவாகியிருந்தது. அஃது அதன் குறையன்று, அதன் நோக்கமே அது. ஆனால் ‘விழிப்புணர்வு நாடகம்’ என்னும் அவ்வச்சையே இளைஞரை ஆராய்வார்க்கும் முன்மாதிரியாகக் கொள்ளின், பிள்ளைகள் நாம் விரும்பியதையே நமக்குத் திருப்பிக் கூறுவர். அதனைக் கண்டுபிடிப்பு என்று நாம் எழுதுவோம்.

கேட்கும் நாடகத்திற்கு ஈழம் நல்ல சான்று தருகின்றது. யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தோற்றுவித்த குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிச் சிறார்க்கென எழுதிய நாடகங்களில் விளையாட்டே அடிப்படை. மட்டக்களப்பிலோ, 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடா நாட்டு மக்மாசுட்டர்ப் பல்கலைக்கழகத்தார் போர்ப்பகுதிக் குழந்தைகளைப் பற்றி நடத்திய ஆய்வோடு தொடர்புடையது அது. ஆய்வு முடிந்ததும் அளவுகளை எடுத்துக்கொண்டு போய்விடாமல், ஆராயப்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் இடம் அமைத்தமை போற்றத் தக்கது. தமிழ்ப் பிள்ளைகளும் முசுலிம் பிள்ளைகளும் வாரம் ஒருநாள் வீதம் பல மாதங்கள் அங்கே கூடினர். களிமண், கதை, நாடகம் என்பனவே அங்குப் பணி. ‘உனக்கு நேர்ந்ததைச் சொல்’ என்று வற்புறுத்தும் இடமன்று அது. பிள்ளை அரக்கனைப் பற்றிக் கதை சொன்னால் அஃது அரக்கன் கதையாகவே நிற்க இடமுண்டு. அக்கதையை உடனே போர் என்று பெயர்த்து எழுதும் அவசரம், ஆய்வாளர்க்கு இயல்பாக வருவது, ஈண்டு அடங்கியிருந்தது.

இனி, குறை யாது என்பதனை ஒரு கற்பனைக் காட்சியால் விளக்குவோம். பர்கூரை அடுத்த பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் ஒரு திருமண வீட்டை நடித்துக் காட்டுகின்றனர் எனக் கொள்க. மணமகளாக நின்ற பெண், ‘நான் இன்னும் படிக்கணும்’ என்கின்றாள், தாயாக நிற்பவள் அதட்டுகின்றாள், மணமகள் சிரித்துவிடுகின்றாள். ஆய்வாளர் ஒருவர், ‘இம்மாணவிக்கு வீட்டில் மணப்பேச்சு நிகழ்கின்றது’ என்று குறிக்கின்றார். மற்றொருவர், சிரிப்பைக் கண்டு, ‘இளமை மணத்தை இவள் பொருட்படுத்தவில்லை’ என்று குறிக்கின்றார். இரண்டும் பிழை. நகைக்கு எள்ளலும் நிலைக்களன், இளமையும் பேதைமையும் மடமையும் நிலைக்களன் என மெய்ப்பாட்டியல் பகுத்துரைக்கும். எந்நிலைக்களனிற் பிறந்த நகை என்று தெளியாமற் சிரிப்பை ஓர் உணர்வின் அளவுகோலாக்கல் இயலாது. முன்னவர் பிழை இதனினும் பெரிது. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைத் தொல்காப்பியர் வைத்தார். இரண்டும் கலந்து பாட்டுக்குரிய புலனெறி வழக்கம் ஆகும் என்றார். மணமகள் கூற்றில் உலகியல் உண்டு. அவளோ தோழியோ அண்டை வீட்டாளோ பட்ட துன்பம் அதிற் கலந்திருக்கும். ஆயினும் அக்கூற்றைக் கூறுபவள் தலைவி, மாணவி அல்லள்.

இதனோடு இயைந்தது பிறிதொரு விதி. அகத்திணை மாந்தருள் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பர் தொல்காப்பியர். இதனை வெறும் மரபென்று கடந்துபோதல் தகாது. பெயர் நீங்கியவழியே ஒருத்தியின் துயர் எல்லார்க்கும் உரியதாகின்றது. துயருற்றவளும் ஊரார் நாவினின்று தப்புகின்றாள். பெயரை மட்டும் நீக்கினால் போதுமோ எனின், போதாது. நெடுநல்வாடையில் தலைவன் பெயர் இல்லை. வேம்பு என்னும் அடையாளப் பூ ஒன்று வேலிற் கட்டப்பட்டிருத்தலால் தலைவன் பாண்டியன் எனத் தெரிதலின், அதனைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். (இம்முடிபை மறுப்பாரும் உளர், அவ்வழக்கில் ஈண்டு நுழைய வேண்டா.) ஆய்வேடுகளில் இவ்வேப்பம்பூ எங்கும் கிடக்கின்றது. ‘மாணவி 7’ என்று பெயரை மறைத்துவிட்டு, கல்பட்டறைக்கு எதிரிலுள்ள பள்ளி, வீட்டுமொழி தெலுங்கு, தந்தை சரக்குந்து ஓட்டுநர், மூத்தாள் மணமாகிச் சென்றவள் என்று அடுத்த வரியில் எழுதினால் பர்கூரில் அவளை அறியாதார் யார்? நூலகத்தில் உறங்கும் ஏட்டை ஊரார் படியார் என்பது விடையாகாது. படித்த ஒருவர் போதும்.

ஒரு தடை எழும். ‘வேடத்தின் கூற்று’ என்று கூறி உண்மைத் துன்பத்தைக் காணாதார் போல இருத்தல் அறமாகுமோ என்பர். நல்ல வினா. 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் உரியவர்க்குத் தெரிவித்தலைக் கடமையாக்கியுள்ளது. இளமை மணத்தைத் தடுக்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆகவே ஆய்வாளர் வாளாவிருத்தல் இயலாது. ஆனால் ஐயம் தோன்றியவழி அவர் செய்யத்தக்கது, காட்சியை ஏட்டிற் சான்றாக்குவதன்று. வேடம் களைந்த பின், பிள்ளை நம்பும் ஆசிரியை ஒருவர் உடனிருக்க, தனியே உசாவி, ஆவன செய்தல். எதனை மறைக்க இயலும், எதனை மறைக்க இயலாது என்பதை நாடகம் தொடங்கு முன்னரே பிள்ளைகளுக்கு அவர்தம் மொழியிற் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் கைச்சாத்து மட்டும் போதாது. பிள்ளையின் இசைவும் வேண்டும்.

பெயர் நீக்கத்திற்கு மறுபக்கம் ஒன்றுண்டு. அகப்பாட்டில் தலைவிக்குப் பெயரில்லை. பாடிய புலவர்க்குப் பெயர் உண்டு. நாடகத்தை இயற்றிய பிள்ளைகளோ ஆய்வேட்டில் நடித்தவராகவும் இல்லை, இயற்றியவராகவும் இல்லை; எண்களாக நிற்கின்றனர். அவர்தம் சொல்லைக் கொண்டு பட்டம் பெறுபவர் பிறர். இயற்பெயரை வெளியிட்டால் முன்னர்க் கூறிய தீங்கு நேரும். வெளியிடாவிடிற் படைத்தவர்க்குரிய சிறப்புப் போகும். இம்முட்டுக்கு வழி குறுந்தொகையிலேயே உளது. இயற்பெயர் தெரியாத புலவரைச் செம்புலப்பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அவர் ஆண்ட தொடராலேயே தொகைநூலார் வழங்கினர். அங்ஙனமே, காட்சியிற் பிள்ளை படைத்த தொடர் ஒன்றால் அப்பிள்ளையை ஆய்வேட்டிற் குறிக்கலாம்; தொடரை அப்பிள்ளையே தேர்ந்து தருதல் நன்று. அது தெலுங்கிலோ கன்னடத்திலோ உருதுவிலோ அமைந்திருப்பின், மொழிபெயர்க்காது, அவ்வொலியைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதி வைத்தல் வேண்டும்.