ஹாரி பாட்டர் கதைகளும் உண்மை வரலாறும்: ஒரு மதிப்பீடு

நம்மிடையே நமக்குத் தெரியாமல் ஒரு மந்திரச் சமூகம் வாழ்கிறது என்பது புனைகதையில் பலமுறை கையாளப்பட்ட கற்பனை. அந்தச் சமூகத்துக்குத் தனி அரசு, பள்ளி, வங்கி, சட்டம் எல்லாம் உண்டு. இக்கற்பனையை எடுத்துக்கொள்ளும் எழுத்தாளர் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். இத்தனை நூற்றாண்டுகள் அவர்கள் எப்படி ஒளிந்திருந்தார்கள்? நாம் அறிந்த வரலாற்றுக் கொடுமைகள் நடந்தபோது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஜே. கே. ரௌலிங் 1997 முதல் 2007 வரை வெளியிட்ட ஏழு ஹாரி பாட்டர் நாவல்களும், அவற்றையொட்டி எழுதிய துணைநூல்களும் இணையக் கட்டுரைகளும் முதல் கேள்விக்குத் திறமையாக விடை சொல்கின்றன. இரண்டாவது கேள்வியில் சில இடங்களில் தேறுகின்றன. ஓரிடத்தில் பெரிதும் சறுக்குகின்றன.

வரலாற்றின் இடைவெளிகள்

ஆவணங்கள் பேசாத இடத்தில் கற்பனை தாராளமாக நுழையலாம். முதல் நாவலில் ரசவாதக் கல்லை உருவாக்கியவராக வரும் நிக்கோலா ஃபிளமேல், உண்மையில் பாரிஸில் வாழ்ந்த ஓர் எழுத்தர். அவர் 1418இல் இறந்தார். 1407இல் அவர் கட்டிய வீடு இன்றும் அந்நகரில் உள்ளது. அவர் உலோகத்தைப் பொன்னாக்கினார் என்ற கதை 17ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. ரௌலிங் அக்கதையை மேலும் நீட்டி, அவர் இறக்கவே இல்லை, 665 வயதில் இன்னும் வாழ்கிறார் என்றார். இதனால் எவருக்கும் இழப்பில்லை. உண்மையான ஃபிளமேலைத் தேடிப் படிக்கும் ஆர்வமும் பிறக்கிறது.

கிரிண்டெல்வால்ட் என்ற கொடிய மந்திரவாதியை டம்பிள்டோர் 1945இல் வென்றார் என்ற குறிப்பும் முதல் நாவலில் வருகிறது. அது இரண்டாம் உலகப்போர் முடிந்த ஆண்டு. ஆனால் அந்தப் போரை மூட்டியவன் கிரிண்டெல்வால்ட் என்று ஏழு நாவல்களில் எங்கும் சொல்லப்படவில்லை. இரு உலகங்களையும் ஒரே காலத்தில் ஒரே நோய் பிடித்திருந்தது என்று மட்டும் வாசகர் உணர்கிறார். ஹிட்லரின் குற்றம் ஹிட்லரிடமே இருக்கிறது. இது பாராட்டத்தக்க அடக்கம்.

சூனிய வேட்டையும் நகைச்சுவையும்

மூன்றாவது நாவலின் தொடக்கத்தில் ஹாரி ஒரு வீட்டுப்பாடம் எழுதுகிறான். 14ஆம் நூற்றாண்டில் சூனியக்காரிகளை எரித்தது பயனற்ற செயல் என்பது தலைப்பு. உண்மையான மந்திரக்காரர்கள் நெருப்பைக் குளிரவைத்துக்கொண்டு வலிப்பதுபோல நடித்தார்களாம். வெண்டலின் என்பவள் அந்தச் சுகத்துக்காகவே 47 முறை பிடிபட்டாளாம்.

சிரிக்கவைக்கும் பகுதிதான். ஆனால் வரலாறு வேறு. ஐரோப்பாவில் சூனிய வேட்டை உச்சத்தில் இருந்தது 14ஆம் நூற்றாண்டில் அல்ல. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும்தான். இங்கிலாந்தில் இக்குற்றத்துக்குப் பெரும்பாலும் தூக்குத்தண்டனையே விதிக்கப்பட்டது. ஐரோப்பா முழுவதும் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

மந்திரம் அறிந்தவர்கள் தப்பிவிட்டார்கள் என்றால் செத்தவர்கள் யார்? மந்திரம் அறியாத அப்பாவிகள். தப்பிக்கத் தெரிந்தவர்கள் அவர்களை ஏன் காப்பாற்றவில்லை என்று ஹாரியின் பாடநூல் கேட்கவில்லை. 2008இல் வந்த 'பீடில் பாணனின் கதைகள்' என்ற துணைநூலில் ஒரு திருத்தம் இருக்கிறது. மந்திரக்கோல் பறிக்கப்பட்டவர்களும், தங்கள் சக்தியை அடக்கத் தெரியாத குழந்தைகளும் உண்மையாகவே கொல்லப்பட்டார்கள் என்று அதன் அடிக்குறிப்பு சொல்கிறது. நகைச்சுவைப் பகுதியைவிட இந்தச் சிறு குறிப்பில் உண்மையின் கனம் அதிகம்.

சேலம், 1692

மந்திர உலகைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்கும் பன்னாட்டுச் சட்டம் 1689இல் கையெழுத்தாகி 1692இல் நடைமுறைக்கு வந்ததாக ரௌலிங் அமைத்தார். அதே 1692இல்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சேலம் வழக்குகள் தொடங்கின. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். கைல்ஸ் கோரி என்ற முதியவர் மேல் பாறாங்கற்கள் ஏற்றப்பட்டதால் அவர் நசுங்கி இறந்தார். இந்த ஆண்டுப் பொருத்தம் மிக நல்ல தேர்வு.

சறுக்கல் 2016இல் நேர்ந்தது. வட அமெரிக்க மந்திர வரலாறு பற்றிய இணையக் கட்டுரைகளில், சேலம் நீதிபதிகளுள் குறைந்தது இருவர் நெறிகெட்ட மந்திரவாதிகள் என்றும், அவர்கள் தங்கள் பழைய பகையைத் தீர்த்துக்கொண்டார்கள் என்றும் ரௌலிங் எழுதினார். இறந்தவர்களில் சிலர் உண்மையிலேயே மந்திரக்காரிகள் என்றும் சேர்த்தார்.

இங்கே கற்பனை இரண்டு தவறுகளைச் செய்கிறது. முதலாவது, குற்றவாளிகளின் பங்கைக் குறைக்கிறது. அந்த நீதிபதிகள் பெயர் தெரிந்த மனிதர்கள். அவர்களில் ஒருவரான சாமுவேல் சூவல், 1697இல் பாஸ்டன் தேவாலயத்தில் மக்கள் முன் எழுந்து நின்று தன் பழியை ஏற்றுக்கொண்டார். அந்த இருக்கைகளில் கற்பனை வில்லன்களை அமர்த்தினால் அந்த மன்னிப்புக்கு என்ன பொருள்? இரண்டாவது, இறந்தவர்கள் மேல் சுமத்தப்பட்ட பொய்யை, அவர்கள் தீங்கு செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே, பாதி உண்மையாக்குகிறது.

இது வெளிநாட்டுப் பழங்கதை மட்டும் அல்ல. சூனியக்காரி என்று பெண்களைப் பழிசுமத்தித் துன்புறுத்துவதைத் தடுக்க பீகார் 1999இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

ஓர் ஒப்பீடு

சுசானா கிளார்க் 2004இல் எழுதிய 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்சும் திரு. நோரலும்' நாவலில், நெப்போலியன் காலத்து இங்கிலாந்தில் மந்திரம் வெளிப்படையாகவே நடக்கிறது. ஸ்ட்ரேஞ்ச் வெலிங்டனின் படைக்காகச் சாலைகளையே இடம் மாற்றுகிறான். ஆயினும் வாட்டர்லூவில் வீரர்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடிமைக் கப்பலில் பிறந்து, பிறந்தபோதே தாயை இழந்த ஸ்டீபன் பிளாக் அந்நாவலின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவன். அடிமை வணிகம் மனிதர் செய்த குற்றமாகவே அங்கே நிற்கிறது. அதை மந்திரத்தின் கணக்கில் அவர் எழுதவில்லை.

மதிப்பீடு

சிறுவர் கதையிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். கதை பாடநூலாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மையான ஊரையும் ஆண்டையும் இறந்த மனிதர்களையும் தேர்ந்தெடுத்தவர் ஆசிரியரே. ஃபிளமேலின் வதந்தியை நீட்டலாம், 1945ஐ எதிரொலிக்கலாம், சேலம் நீதிபதிகளின் பழியை இன்னொருவர் தலையில் ஏற்றக்கூடாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு படித்தால் ஹாரி பாட்டரின் சுவை குறையாது. அந்த 20 பேரும் கதையின் அலங்காரமாகிவிடாமல், அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதர்களாக நம் நினைவில் இருப்பார்கள்.